வாயுவுக்கு மாடிப்படி தெரியாது

இந்த மாதத் தபாலில் நெஞ்சுதான் அதிகம். அடைப்பு, படபடப்பு, இளைப்பு, இருமல். உங்களில் பலரும் நோயின் பெயரை நீங்களே எழுதிவிட்டு மருந்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகமே அந்தப் பெயரில்தான். அங்கிருந்து தொடங்குகிறேன்.

கே: டாக்டரம்மா, எனக்கு 54 வயது. மூன்று மாதமாக வாயுத் தொல்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட வத்தலை எடுக்க ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. உட்கார்ந்து ஒரு கோலி சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடுகிறது. வாயுவுக்கு நல்ல மருந்து சொல்லுங்கள்.
– பலசரக்குக் கடைக்காரர், விருதுநகர்

ப: வாயுவுக்கு மாடிப்படி தெரியாது, அண்ணாச்சி. ஏறினால் வருவதும் உட்கார்ந்தால் போவதும் இதயத்தின் குணம். உங்களைச் சரியாக்கியது சோடா இல்லை, சோடா குடிக்க உட்கார்ந்த அந்த ஐந்து நிமிடம்.

இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிக் கிடந்தால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். படியேறும்போது இதயம் கூடுதலாகக் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது, நெஞ்சு அடைக்கும். அதனால்தான் படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நன்றாகவே இருக்கலாம். எக்கோ, டிரெட்மில், தேவைப்பட்டால் ஆஞ்சியோ என்று போக வேண்டும். இந்த வாரமே போங்கள். அதற்குள் அடைப்பு சும்மா இருக்கும்போது வந்தாலோ, பதினைந்து நிமிடம் ஆகியும் விடாவிட்டாலோ, குப்பென்று வியர்த்தாலோ சோடாவைத் தேடாமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வரலாம். காரணமில்லாத இளைப்பு, தாடையிலோ மேல்வயிற்றிலோ வலி, குமட்டல், வியர்வை, ‘என்னமோ பண்ணுது’ என்ற தவிப்பு. அவ்வளவுதான் தெரியும்.

கே: ஈசிஜி நார்மல் என்றால் இதயம் நார்மல்தானே?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

ப: ஈசிஜி ஒரு பத்து நொடிப் படம், தம்பி. அந்தப் பத்து நொடியில் என்ன இருந்ததோ அதைத்தான் அது சொல்லும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு ராத்திரி, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். வேறோர் இடத்தில் ஈசிஜி எடுத்து, நார்மல் என்று சொல்லி, வயிற்றுக்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். நானும் எடுக்கப் பார்த்தேன். நெஞ்சில் ஒட்ட வேண்டிய ரப்பர் குமிழ்கள் வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்தன. நர்ஸ் அக்கா பஞ்சால் துடைக்கத் துடைக்க மறுபடி ஊறியது. ஒருவழியாக எடுத்த படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு நிம்மதி. அக்கா நகரவில்லை. “மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கிற ஆளுக்கு ஏன் டாக்டர் இப்படி வேர்க்குது?” என்றார். இருபது நிமிடம் கழித்து அவர் சொல்லித்தான் இன்னொரு முறை எடுத்தேன். அந்த இளஞ்சிவப்புக் கட்டத் தாளில் கோடு மேடாக எழும்பியிருந்தது. பெரிய மாரடைப்பு. ஆள் பிழைத்தார். முதல் ஈசிஜியை எழுதியது அந்த வியர்வைதான் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே வலி இருந்தால் ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கூடவே ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. கசிந்து தெரிய சில மணி நேரம் ஆகும் என்பதால் அதையும் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். ‘இன்னொரு தடவை பார்க்கலாமா?’ என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கே: அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி பார்த்துவிட்டு ஒரே வாயாக 14 மாத்திரை கொடுத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஓவர்டோஸ் இல்லையா?
– வாசகி, அரூர்

ப: அந்தப் பதற்றத்திலும் எண்ணியிருக்கிறீர்கள் பாருங்கள்! கணக்கு சரி. 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் அது. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. கூட்டினால் 14. முதல் இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகட்டி பெரிதாகாமல் தடுக்கும். மூன்றாவது, குழாய்ச் சுவரில் வெடித்த கொழுப்புப் படிவு மேலும் கலையாமல் ஆற்றும். முதல் வேளைக்கு இப்படிச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே அடைத்த கட்டியை இவை கரைக்காது. அதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போன்ற ஊசி வேண்டும், அல்லது பலூன் வைத்துத் திறக்க வேண்டும். பலூன் சிகிச்சை நம் தலைமுறையில் வந்ததுதான். ஆந்திரியாஸ் குரூன்ட்சிக் என்ற மருத்துவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் குழாய் செய்து பார்த்துப் பார்த்து, 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் முதல் நோயாளிக்குச் செய்தார். 120 நிமிடத்துக்குள் பலூன் வசதியுள்ள இடத்தை எட்ட முடியும் என்றால் நேரே அங்கே. முடியாதென்றால் ஊசியை முதலில் போட்டுவிட்டு அங்கே அனுப்புவதுதான் முறை. கடந்துபோகும் ஒவ்வொரு அரைமணிக்கும் கொஞ்சம் தசை இறக்கிறது, இறந்தது திரும்ப முளைக்காது. அரூரிலிருந்து போகும் வழி எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த 14 மாத்திரையும் சாலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டன.

ஒன்று மட்டும். இதைப் படித்துவிட்டு 14 மாத்திரையை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். மகாதமனி கிழிந்தாலும் நெஞ்சு வலிக்கும், வயிற்றுப்புண் ரத்தம் கசிந்தாலும் மேல்வயிறு வலிக்கும். அவற்றில் இந்த மாத்திரைகள் ஆளைக் கொன்றுவிடலாம். முதலில் ஈசிஜி, பிறகுதான் மாத்திரை.

கே: மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– வாசகர், ஓசூர்

ப: இருமுகிற நேரத்தில் 108-க்குப் பேசியிருக்கலாம். அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். பக்கத்தில் ஒருவர் திடீரென்று சாய்ந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால் அது இதயமே நின்ற நிலை. அப்போது வேலை உங்கள் கைகளுக்குத்தான். நெஞ்செலும்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை.

கே: எக்கோவில் என் இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்கிறார்கள். மீதி 70 செத்துவிட்டதா? ஒரு வாரமாகத் தூக்கமில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ருட்டி

ப: ஐயா, ஆயிரம் விடைத்தாள் திருத்திய உங்களுக்கே இந்த மதிப்பெண்ணை யாரும் விளக்கவில்லை என்பது என்னை வருத்துகிறது. இது நூற்றுக்கு முப்பது இல்லை. இதயத்தின் இடது அறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு. நூறு யாருக்கும் கிடையாது, ஓட்டப் பந்தய வீரருக்கும் கிடையாது. நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும். உங்களுடையது ஏறக்குறைய பாதி பலத்தில் ஓடுகிறது. சாதாரண விஷயம் இல்லை, ஆனால் பலருக்கு மருந்தில் இந்த எண் ஏறுகிறது. நான்கு வகை மருந்துகள் இப்போது இருக்கின்றன, நான்கும் உங்கள் சீட்டில் இருக்கின்றனவா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

வீட்டில் ஒரு எடை இயந்திரம் வாங்குங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கு முன் ஏறி நின்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு இல்லை, நீர். ராத்திரி எத்தனை தலையணை வைத்தால் மூச்சு முட்டாமல் படுக்க முடிகிறது என்பதையும் எழுதுங்கள். ஒன்று இரண்டானால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் விடை கொடுத்துவிடுங்கள்.

கே: என் மனைவிக்கு மூச்சிரைப்பு. மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கடையில் கேட்டால் வயாகரா மருந்து என்று சிரிக்கிறான். மருத்துவர் தவறாக எழுதிவிட்டாரா?
– வாசகர், மன்னார்குடி

ப: சரியாகத்தான் எழுதியிருக்கிறார். சிரித்தவருக்குத்தான் பாதிக் கதை தெரியும். முழுக்கதை இது. அந்த மாத்திரையிலுள்ள சில்டெனாஃபில் முதலில் ஆராயப்பட்டதே நெஞ்சுவலிக்காகத்தான். அதில் பெரிதாகப் பயன் தெரியவில்லை, வேறொரு விளைவு தெரிந்தது, 1998-ல் வயாகரா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அது செய்யும் வேலை ரத்தக்குழாயைத் தளர்த்துவது. நுரையீரலின் ரத்தக்குழாய்களையும் அது தளர்த்தும் என்று கண்டு, 2005-ல் நுரையீரல் ரத்தக்கொதிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

நாம் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம் வேறு. நுரையீரலுக்குள் தனியாக ஓர் அழுத்தம் உண்டு, கைப்பட்டையில் தெரியாது. அது ஏறினால் இதயத்தின் வலது பக்கம் தள்ளித் தள்ளிக் களைத்துவிடும். நடந்தால் மூச்சிரைப்பு, மயக்கம், கால் வீக்கம். ரத்தசோகை, உடம்பு பருமன், மனக்கவலை என்று வருடக்கணக்கில் சத்து டானிக் குடித்தபின் வந்து சேரும் பெண்கள் பலர். எக்கோவில் சந்தேகம் வரும். உறுதி செய்ய வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை நேராக அளக்க வேண்டும்.

இதயத்துக்குள் குழாய் விடுவதா என்று பயம் வேண்டாம். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி மறுத்தும் கேட்காமல், தன் கை ரத்தக்குழாய் வழியாக 65 சென்டிமீட்டர் குழாயைத் தன் இதயத்துக்குள் தானே செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமெடுத்தார். அன்று திட்டு வாங்கினார், 1956-ல் நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்து வாங்கினார். இன்று அது அன்றாடம் நடக்கிற பரிசோதனை.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் யாருக்காவது நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை, சார்பிட்ரேட் போன்றது, இருக்கிறதா? அதை உங்கள் மனைவிக்கு ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

கே: பீடி, சிகரெட்டைத் தொட்டே அறியாத என் அம்மாவுக்கு சிஓபிடி என்ற மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்கிறார்கள். எப்படி? இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார்கள். பழகினால் விடாதாமே?
– வாசகி, அறந்தாங்கி

ப: அம்மா எத்தனை வருடம் விறகு அடுப்பு ஊதினார்? கேட்டுப் பாருங்கள். ஊதுகுழலைப் பிடித்துக் குனிந்து, கண்ணைக் கசக்கி, உங்கள் எல்லோருக்கும் சமைத்த வருடங்கள் அவர் நுரையீரலில் படிந்திருக்கின்றன. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்தார்களா? முழு மூச்சை ஊதித் தள்ளும்போது முதல் நொடியில் எவ்வளவு வருகிறது என்று அது அளக்கும். மருந்து கொடுத்தபின்னும் மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவாக வந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது. அதைச் செய்யாமல் ஆஸ்துமா என்றும் சிஓபிடி என்றும் பெயர் வைக்கக் கூடாது.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்துக்குக் கணக்கே பதில் சொல்லட்டும். சால்புடமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். நாற்பது அழுத்து சேர்ந்தால்தான் ஒரு மாத்திரை. வயிறு, ரத்தம் என்று ஊரைச் சுற்றாமல் நுரையீரலுக்கே போவதால் இவ்வளவு குறைவு போதுமானதாக இருக்கிறது.

மருந்தைவிட அம்மா அதை எப்படி இழுக்கிறார் என்று பாருங்கள். என்னிடம் வரும் பாட்டிகளில் பலர் நாக்கில் பீய்ச்சிக்கொண்டு, கசக்குது என்று துப்பிவிடுகிறார்கள். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக் கொடுங்கள். குலுக்கி, மூச்சை முழுதாக விட்டு, ஒரு அழுத்து, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, பிறகு விட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். சமையல் இன்றோடு கேஸ் அடுப்புக்கு மாறட்டும், குளிக்க வெந்நீர் போடும் அடுப்பும்தான்.

கே: விரலில் மாட்டும் கருவி 84 காட்டியது. பதறி ஓடினால் ஆஸ்பத்திரியில் 97. எது பொய்?
– புது மணப்பெண், தூத்துக்குடி

ப: மருதாணியாக இருக்கலாம், கண்ணு! நகச்சாயமும் அப்படித்தான். ஒளி விரலைத் தாண்டிப் போய்த்தான் கணக்குப் பார்க்கிறது, அந்த வழியை நிறம் மறித்துவிடுகிறது. சாயமில்லாத விரலில், அதுவும் இல்லாவிட்டால் காது மடலில் மாட்டிப் பாருங்கள். ஓடியது தப்பில்லை, இனியும் 84 கண்டால் ஓடுங்கள்.

கே: அண்ணனுக்கு டிபி. தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனிக் கட்டில் என்று அம்மா ஒதுக்கிவிட்டாள். சரியா?
– வாசகர், திருக்கோவிலூர்

ப: தட்டில் டிபி பரவாது. காற்றில்தான் பரவும். தட்டைப் பிரிப்பதை விட்டுவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

இதற்கு விடை கண்டுபிடித்ததே நம் சென்னைதான். நல்ல சாப்பாடு, ஓய்வு, நல்ல காற்று என்று காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்த காலம். 1956-ல் சென்னையில் ஒரு மையம் தொடங்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை நெருக்கமான ஏழை வீடுகளிலேயும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள். ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடிவிடவில்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சளியில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை எடுத்தார்களா? ஓரிரு மணியில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அடங்குமா என்று இரண்டும் தெரிந்துவிடும். எக்ஸ்ரே நிழலை மட்டும் நம்பி மருந்து தொடங்கினால், அது புற்றுநோயாக இருந்து, மாதங்கள் வீணாகப் போவதைக் கண்டிருக்கிறேன். அண்ணன் எழுந்து நிற்கத் தள்ளாடினாலோ, காலில் வீக்கம் இருந்தாலோ, மிகவும் மெலிந்திருந்தாலோ வீட்டில் வைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களை முதல் நாளே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கத்தான் 2022-ல் ‘காசநோய் இறப்பில்லா’ திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், பரிசோதனைக்குப் போகட்டும். கட்டிலைக் கொட்டகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கே: தங்கைக்கு சிசேரியன் ஆகிப் பத்து நாள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள் பெரியவர்கள்.
– வாசகி, பரமக்குடி

ப: இந்தக் கடிதத்துக்கு நாங்கள் பத்திரிகையில் பதில் எழுதவில்லை, பார்த்த நிமிடமே நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் பேசினோம். கீழே இருப்பது மற்றவர்களுக்கு.

இரண்டு காலும் வீங்குவது பிரசவத்துக்குப் பின் சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் காலின் ஆழத்திலுள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலில் போய் அடைத்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும், மயக்கம் வரும், உயிரும் போகும். காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்குச் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன். சந்தேகம் பலமாக இருந்தால் முடிவு வரும் முன்பே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். எக்கோவும் அவசியம், பிரசவத்தை ஒட்டி இதயத் தசையே பலவீனமாகும் நோய் ஒன்று உண்டு.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017-ல் சிசேரியனுக்கு மறுநாள் இதே மூச்சுத் திணறல். முன்பே ஒருமுறை நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் அவருக்குத் தெரிந்துவிட்டது. சிடி ஸ்கேனும் ஹெபாரினும் வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார்கள். முதலில் காலைத்தான் ஸ்கேன் செய்தார்கள், ஒன்றுமில்லை. பிறகு சிடியில் நுரையீரலில் பல சிறு கட்டிகள். உலகத்தின் முதல்தர வீராங்கனையே இப்படி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றால், பத்து நாள் பச்சை உடம்போடு பாயில் கிடக்கிற பெண்ணுக்காகக் கூட இருப்பவர்கள்தான் குரல் கொடுக்க வேண்டும்.

பரமக்குடித் தங்கை இப்போது நலம். ஹெபாரின் ஊசி முடிந்து மாத்திரைக்கு மாறியிருக்கிறார்.

கே: கணவருக்கு இதய வால்வு மாற்றி இரண்டு மாதம். ராத்திரி ஊர் அடங்கினால் அவர் நெஞ்சிலிருந்து கடிகாரம் மாதிரி ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. எனக்குத் தூக்கமே வருவதில்லை.
– வாசகி, குளித்தலை

ப: உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் அது. சின்ன வயதில் தொண்டை வலித்து, காய்ச்சலில் முட்டி முட்டியாக வீங்கிய கதை அவருக்கு இருந்திருக்கும். அந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வை மெல்ல மெல்லச் சுருக்கிவிடும். வெளிநாட்டு வால்வை வாங்க முடியாமல் எத்தனையோ பேர் செத்த நாட்டில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் மூன்று வடிவங்கள் தோற்றும் விடாமல், நான்காவதில் வென்று, 1990-ல் நம் நாட்டு வால்வை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

இனி வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை. ரத்தம் எப்படி உறைகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் இல்லாமலும் போட்டால்தான் ஐஎன்ஆர் தடுமாறும், அளவாக ஒரே சீராகப் போடுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. பல் பிடுங்கப் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த டிக் டிக் சத்தத்தைத் தாலாட்டாகப் பழக்கிக்கொள்ளுங்கள், அக்கா. என்றைக்காவது அது மங்கினாலோ, கேட்காமல் போனாலோ, வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் அந்த ராத்திரியே அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.